இடித்த வீட்டுக்குப் பதினேழு அரையாண்டு வரி: குமரி மாவட்டப் பேரூராட்சி ஒன்றில் நடந்த சொத்து வரி வழக்கின் ஆய்வு

கல்குளம் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. அங்கே ஒன்பது சென்ட் விளையில் (வீடும் தோட்டமும் சேர்ந்த நிலத்தில்) ஒரே ஒரு கான்கிரீட் வீடு நிற்கிறது. பேரூராட்சியின் வரிவிதிப்புப் பதிவேட்டிலோ அதே விளையில் இரண்டு வீடுகள் இருந்தன. இரண்டாவது, 2016-இல் இடித்த ஓட்டு வீடு. ஓடும் உத்திரமும் விற்றுப்போய், அஸ்திவாரக் கல்லையும் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் பல போகம் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கியாயிற்று. பதிவேட்டில் மட்டும் அந்த வீட்டின் பேரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்பு, அதாவது கட்டச் சொல்லும் வரித்தொகை, ஏறிக்கொண்டே வந்தது. 2024 டிசம்பரில் கணக்கெடுத்தபோது 17 அரையாண்டு நிலுவை. தொகை 3,344 ரூபாய். வட்டி தனி.

தொகை பெரிதில்லை என்று சிலர் சொன்னார்கள். ஆனால் வளைகுடாவில் வேலை பார்க்கும் அந்த வீட்டு மகன், கான்கிரீட் வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்க வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். நிலுவை இல்லை என்பதற்கான ரசீது வேண்டும் என்று வங்கி கேட்டது. அந்த ரசீதுக்காக அவருடைய அம்மா பேரூராட்சி அலுவலகம் போன அன்றுதான், இடித்த வீடு இன்னும் உயிரோடு இருப்பது குடும்பத்துக்குத் தெரியவந்தது. இது நீதிமன்ற வழக்கு அல்ல, பேரூராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து நடத்தியது. இந்த வழக்கில் ஆவணங்களைத் திரட்டியதும் மனுக்களை எழுதியதும் நான். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரையும் ஆட்களையும் அலுவலகத்தையும் பெயர் சொல்லிக் காட்டப் போவதில்லை.

சொத்து வரி என்றதும் எல்லாரும் விகிதத்தைப் பற்றியே பேசுகிறோம்: இத்தனை சதவீதம் ஏற்றிவிட்டார்கள், குறைக்க வேண்டும், கூடாது என்று. இந்த வழக்கைக் கையில் எடுத்த பிறகு என் கவலை வேறிடத்தில் விழுந்துவிட்டது. பதிவேட்டில் இருக்கும் வீடும் தரையில் நிற்கும் வீடும் ஒன்றாக இல்லாதவரை, எந்த விகிதம் வைத்தாலும் பில் தவறாகத்தான் வரும். தவறான பில்லைப் பார்த்தவர் சரியான பில்லையும் சந்தேகிப்பார். வசூல் அங்கேதான் நின்றுபோகிறது.

பேரூராட்சிகளின் மாவட்டம்

2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது குமரி மாவட்டத்தில் நாகர்கோவில் மாநகராட்சி ஒன்று. பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை, கொல்லங்கோடு என நான்கு நகராட்சிகள். அவற்றோடு 51 பேரூராட்சிகள். இவ்வளவு சிறிய மாவட்டத்தில் இத்தனை பேரூராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகையில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறம் என்று பதிவானதற்கு இதுவே காரணம். குலசேகரத்திலும் வேர்க்கிளம்பியிலும் கோதநல்லூரிலும் நடந்து பார்த்தால் ரப்பரும் தென்னையும் வாழையும் நிற்கிற விளைகளுக்கு நடுவே வீடுகள் தனித்தனியாக இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு அது நகரம்.

வரிக்கு இது முக்கியமான விஷயம். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தெருவில் வீடுகள் வரிசையாக நிற்கும். ஒரு வீடு இடிந்தால் தெருவில் போகிறவர் கண்ணில் படும். இங்கே வீடு இருப்பது சந்துக்கு உள்ளே, மதிலுக்கு அப்பால், அடுத்தவர் விளையைத் தாண்டி. ஊரார் வீட்டை விளைப் பெயரால் அறிவார்கள். பில்லில் இருப்பதோ வார்டு எண்ணும் கதவு எண்ணும். வார்டு எல்லைகள் மாறியபோது கதவு எண்ணும் மாறியது. பழைய எண், புதிய எண், வரிவிதிப்பு எண் என்று மூன்று எண்கள் ஒரே வீட்டைச் சுற்றி நிற்கின்றன. மூன்றும் ஒரே வீட்டைத்தான் சொல்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் 95 கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. ஒரே சாலையின் இடப்பக்கம் பேரூராட்சி, வலப்பக்கம் ஊராட்சி என்று இருக்கும் இடங்கள் பல. ஊராட்சிக்காரர் கட்டுவது 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி வீட்டு வரி. எதிர்வீட்டுக்காரர் கட்டுவது நகர்ப்புறச் சட்டத்தின்படி சொத்து வரி. “ஒரே கிணற்று வெள்ளம் குடிக்கிறோம், எனக்கு மட்டும் ஏன் இத்தனை?” என்று பேரூராட்சிக்காரர் கேட்பது இதனால்தான். பதில் சட்டத்தில் இருக்கிறது. அவருக்கு அதை யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை.

பில் எப்படி உருவாகிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். பேரூராட்சிப் பகுதி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று அடிப்படை மதிப்பு வைக்கப்படுகிறது. கட்டடத்தின் பரப்பு, குடியிருப்பா கடையா என்ற பயன்பாடு, ஓடா கான்கிரீட்டா என்ற வகை, வயது ஆகியவற்றைப் பார்த்து ஆண்டு மதிப்பு போடுகிறார்கள். அதிலிருந்து அரையாண்டு வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாவது. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி. வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது அது.

பணம் கட்டும் வழியில் இன்று குறையில்லை. அலுவலக கவுன்டர், பில் கலெக்டரின் கையடக்க இயந்திரம், அரசின் இணையதளம் என்று எதில் வேண்டுமானாலும் கட்டலாம். துபாயில் இருக்கிற மகன் அங்கிருந்தே கட்டிவிடுகிறார். ஆனால் இணையதளம் காட்டுவது பதிவேட்டில் உள்ளதைத்தான். பதிவேடு தப்பென்றால், அந்தத் தப்பு இப்போது உலகம் முழுக்கத் தெரியும், அவ்வளவுதான் வேறுபாடு.

2022-இல் நடந்தது

சென்னை தவிர்த்த நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008-க்குப் பிறகு பொதுச் சீராய்வு எதுவும் நிலைக்கவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டு நிறுத்தி வைத்தார்கள். இதற்கிடையில் 15-ஆவது நிதி ஆணையம், உள்ளாட்சிகள் மானியம் பெற வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப அதை உயர்த்தியும் வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. தேர்தல் முடிந்து புதிய மன்றங்கள் பொறுப்பேற்ற சில வாரங்களில், 2022 ஏப்ரல் தொடக்கத்தில் உயர்வு அறிவிப்பு வந்தது.

சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு நான்கு படிகள். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100.

சிறு வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்குக் கூடுதலாகவும் வைத்தது நியாயம் என்றே நினைக்கிறேன். குறை இருப்பது இரண்டு இடங்களில். முதலாவது, இந்தச் சதவீதம் ஏற்கெனவே இருந்த வரியின் மேல் ஏறியது. பழைய வரி வீட்டுக்கு வீடு சமமாக இருந்ததில்லை. முப்பது ஆண்டுக்கு முன் அளந்த வீட்டுக்கு அந்தக் காலத்து மதிப்பில் வரி போட்டு, பிறகு சதவீதம் சதவீதமாக ஏற்றியிருப்பார்கள். பக்கத்தில் புதிதாகக் கட்டியவருக்கு அப்போதைய மண்டல மதிப்பில் நேரடியாகப் போட்டிருப்பார்கள். ஒரே பரப்புள்ள இரண்டு வீட்டின் வரி இரண்டு விதமாக இருந்தது. 2022-க்குப் பின் அந்த இடைவெளி இன்னும் அகன்றது.

இரண்டாவது, படியின் விளிம்பு. அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டிவந்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1,190 சதுர அடி; 50 சதவீதம் ஏறி 900 ஆகும். மற்றது 1,210 சதுர அடி. 75 சதவீதம் ஏறி 1,050 ஆகும். இடையில் இருப்பது 20 சதுர அடி. ஒரு சிட் அவுட்டின் (வீட்டு முன்திண்ணையின்) பாதிகூடத் தேறாது. ஆக, 2022-இல் வீட்டை அளக்கிற டேப்புக்கு அதற்கு முன் இல்லாத அதிகாரம் வந்தது. டேப் எங்கே தொடங்குகிறது, எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்பதெல்லாம் நூற்றுக்கணக்கில் ரூபாயைத் தீர்மானித்தன. அந்த வேலையைப் பார்க்க ஒரு பேரூராட்சியில் இருந்தவர்களோ செயல் அலுவலர், ஓரிரு உதவியாளர்கள், பில் கலெக்டர் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆயிரக்கணக்கான வீடுகளை அவர்களால் குறுகிய காலத்தில் ஒழுங்காக அளந்திருக்க முடியாது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வேலைக்கு ஆளும் நாளும் கொடுக்காமல் கேட்பை மட்டும் உயர்த்தச் சொன்னவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

மாடியில் போட்ட ஷீட்

இந்தக் குடும்பத்தின் கான்கிரீட் வீட்டுக்கு வருவோம். பழைய ஓட்டு வீட்டுக்கு அருகிலேயே 2009-இல் கட்டியது. தரைத்தளம் மட்டும், 1,140 சதுர அடி. 2022-க்கு முன் அரையாண்டு வரி 620 ரூபாய். 50 சதவீதம் ஏறி 930 ஆகியிருக்க வேண்டும். பில்லில் வந்தது 1,240. எல்லாருக்கும் இரட்டிப்பாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அம்மா மறுபேச்சில்லாமல் கட்டிவந்தார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அளவீட்டுத் தாளின் நகலைக் கேட்டோம். வந்தது. “தரைத்தளம் 1,140, முதல் தளம் 700, மொத்தம் 1,840.”

முதல் தளம் என்று ஒன்று அந்த வீட்டில் இல்லை. இருந்தது மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டுப் போட்ட ஷீட் கூரை. குமரி மாவட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்கிற மண் இது. கான்கிரீட்டில் ஒழுக்கு தொடங்கிவிட்டால் நிறுத்துவது பாடு. அதனால் கொஞ்சம் கையில் காசு சேர்ந்ததும் மேலே ஷீட் போட்டுவிடுவார்கள். நான்கு பக்கமும் திறந்திருக்கும். அதன் அடியில் துணி காயும், கொப்பரை காயும், ரப்பர் வெட்டுகிற வீடென்றால் ரப்பர் ஷீட்டும் தொங்கும். யாரும் குடியிருப்பதில்லை.

கூரை போட்ட இடம் எல்லாம் கட்டடம்தானே என்று அலுவலகத்தில் வாதிட்டார்கள். அந்த வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. அப்படியே கொண்டாலும், சுவரில்லாத ஷீட் பந்தலை அதற்குரிய வகையில் காட்டியிருக்க வேண்டும். கான்கிரீட் தளமாக எழுதியது எந்தக் கணக்கிலும் சேராது. அந்த 700 சதுர அடிதான் வீட்டை 1,800 என்ற விளிம்புக்கு மேல் தள்ளி, 50 சதவீத உயர்வை 100 ஆக்கியது. 2024-25 இரண்டாம் அரையாண்டில் 6 சதவீதம் ஏறியபோது, 986 ஆக வேண்டியது 1,314 ஆனது. ஐந்து அரையாண்டுக்கு 310 வீதம் 1,550, ஆறாவதற்கு 328. கூடுதலாகக் கட்டியது மொத்தம் 1,878 ரூபாய்.

இது ஒரு வீட்டில் நடந்தது. ஆனால் மாடியில் ஷீட் போடாத கான்கிரீட் வீட்டைத் தேடிப்பிடிக்க வேண்டிய மாவட்டம் இது என்பதால், குமரியில் பில் கையில் உள்ள ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் பரப்பு என்று எழுதிய கட்டம். வரித்தொகையை அப்புறம் பார்க்கலாம்.

இடித்ததைச் சொன்னாரா?

ஓட்டு வீட்டு விஷயம் இதைவிடச் சிக்கலானது. அதில் சட்டம் குடும்பத்தின் பக்கம் இல்லை.

வீட்டின் பரப்பு 560 சதுர அடி, அரையாண்டு வரி 180 ரூபாய். 2016-17 முதல் அரையாண்டு வரை கட்டிய ரசீது இருக்கிறது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பக்கச் சுவர் சரிந்ததால் முழுவதையும் இடித்தார்கள். அடுத்த தடவை பில் கலெக்டர் வந்தபோது அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவரும் தலையாட்டிவிட்டு, கான்கிரீட் வீட்டுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு அவர் மாறுதலாகிப் போனார். அலுவலகத்தில் இதைக் கேட்டபோது அம்மா சொன்னது எனக்கு மறக்காது: “அந்தத் தம்பிகிட்ட நான் சொன்னேனே மக்கா. எழுதித் தரணும்னு ஆரும் எனக்குச் சொல்லித் தரேல்ல.”

எழுதித்தான் தர வேண்டும். அன்று பேரூராட்சிகளுக்குப் பொருந்திய 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், கட்டடத்தைக் கட்டினாலும் இடித்தாலும் உரிமையாளர் தகவல் தர வேண்டும் என்றது. இடித்த தகவல் வந்து சேரும்வரை, கட்டடம் நிற்பதாகவே கொண்டு வரி கேட்கலாம் என்றும் சொன்னது. சொத்தை விற்றாலும் இதே நிலை: கைமாறிய தகவல் அலுவலகத்துக்குப் போகாதவரை விற்றவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023-ஆம் ஆண்டு விதிகளோடு சேர்ந்து, 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 2016-இல் இடித்ததற்குப் பழைய சட்டத்தையே பார்க்க வேண்டும்.

எங்களிடம் இருந்த சான்றுகள் வலுவானவை. பழைய வீட்டின் மின் இணைப்பைத் திருப்பி ஒப்படைத்த கடிதத்தில் மின்வாரியத்தின் முத்திரையும் 2016-ஆம் ஆண்டுத் தேதியும் இருந்தன. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தால், ஒரு படத்தில் செம்மண் நிறத்தில் ஓட்டுக்கூரை தெரிகிறது. பிந்தைய படத்தில் அந்த இடம் பச்சை. வீடு இல்லை என்பதற்கு இவை சாட்சி. பேரூராட்சிக்குத் தகவல் கொடுத்ததற்கு இவை சாட்சியாகா. 2016-17 இரண்டாம் அரையாண்டு முதல் 2021-22 வரை உள்ள 11 அரையாண்டுக்கு 1,980 ரூபாயை எதிர்த்து வாதிட்டுப் பயனில்லை என்று குடும்பத்துக்குச் சொன்னேன். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

2022-க்குப் பின் கதை வேறு. அந்த ஆண்டு ஓட்டு வீட்டின் வரி 180-லிருந்து 225 ஆனது. 600 சதுர அடிக்குக் கீழே என்பதால் 25 சதவீதம், கணக்கு மிகச் சரி. அதே நேரத்தில் அதே விளையில் உள்ள கான்கிரீட் வீட்டின் மாடி ஷீட்டை 700 சதுர அடி என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். அதாவது, ஒருவர் அந்த விளைக்குள் வந்திருக்கிறார். படியேறி மாடிக்குப் போயிருக்கிறார். அங்கே நின்றால் ஒன்பது சென்டும் கண்முன்னே விரிந்து கிடக்கும். ஓட்டு வீடு இருந்த இடத்தில் மரச்சீனி நிற்பது தெரியாமல் இருக்க வழியில்லை. ஒரு வீட்டின் ஷீட்டைக் கூட விடாமல் அளந்த அதே சீராய்வில், இடித்துப்போன வீட்டுக்கு வரியை உயர்த்தியது எப்படி? அலுவலகத்தில் அட்டவணையைப் பார்த்து உயர்த்தியிருந்தால் மட்டுமே அது நடக்கும்.

எனவே மனுவில் வாதத்தை இப்படி வைத்தேன். தகவல் தரும் கடமை உரிமையாளருடையது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2022-இல் அலுவலகமே நேரில் வந்து அளந்ததாக அதன் அளவீட்டுத் தாள் சொல்கிறது. அன்றைக்குக் கண்ணால் கண்ட நிலைமை அலுவலகத்துக்குத் தகவல்தான். 2022-23 முதல் 2024-25 முதல் அரையாண்டு வரை 225 வீதம் 1,125 ரூபாயும், 2024-25 இரண்டாம் அரையாண்டுக்கு 239 ரூபாயும், ஆக 1,364 ரூபாய்க் கேட்பு செல்லாது.

வசூல் எங்கே தட்டுகிறது

வழக்கைப் படிக்கும் சிலர், இத்தனை ஆண்டு நிலுவையை ஏன் யாரும் வந்து கேட்கவில்லை என்று நினைக்கலாம். மார்ச் மாதம் வந்தால் எல்லாப் பேரூராட்சியிலும் வசூல் முகாம் நடக்கும். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பார்கள். குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம், ஜப்தி செய்வோம் என்ற எச்சரிக்கை வரும். உள்நாட்டுக் குமரியில் பெரும்பாலான வீடுகளில் சொந்தக் கிணறு இருக்கிறது. குழாயைத் துண்டிப்பது அங்கே பெரிய பயமுறுத்தல் இல்லை. கடற்கரையில் குடிநீர்க் குழாய் உயிர்நாடி. ஆனால் அங்கே நெருக்கமான வீடுகளில் பலவற்றுக்குப் பட்டா கிடையாது, வரி யார் பேரில் என்பதே குழப்பம். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. இருந்தும், கையில் வேறு காகிதம் இல்லாத குடும்பம் அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் எனக்கு வியப்பில்லை. பூட்டிக் கிடக்கும் வளைகுடாக்காரர் வீடுகளோ வேறு ரகம்: பில்லைக் கேட்டில் செருகிவிட்டுப் போனால் மழையில் நனைந்து கிடக்கும்.

உண்மையில் மக்கள் நிலுவையைக் கட்ட வருவது தேவை வரும்போதுதான். கடன், விற்பனை, பாகப்பிரிவினை, பெயர் மாற்றம், கட்டட அனுமதி. அப்போது அவசரத்தில் இருப்பவர், தப்பான கேட்பையும் சண்டை போடாமல் கட்டிவிட்டுப் போகிறார். அலுவலகத்துக்கு அது வசூல் கணக்கில் ஏறுகிறது. பதிவேட்டின் பிழை யார் கண்ணிலும் படாமல் தொடர்கிறது. மறுபுறம், தேவை வராதவரின் தப்பான கேட்பு நிலுவையாகக் குவிந்து, வசூல் சதவீதத்தைக் கீழே இழுக்கிறது. பில் கலெக்டர் அதற்காக மேலதிகாரியிடம் பேச்சு வாங்குகிறார். இல்லாத வீட்டில் அவர் யாரிடம் போய் வசூலிப்பார்? சொத்து வரிதான் ஒரு பேரூராட்சி தன் சொந்தப் பலத்தில் ஈட்டும் வருமானங்களில் முதன்மையானது. தெருவிளக்கு, ஓடை, குப்பை என்று எதைக் கேட்டாலும் அதில்தான் போய் நிற்கும். அந்த வருமானக் கணக்கில் வராத பணத்தையும் வரவேண்டியதாக எழுதி வைத்திருப்பது மன்றத்தையே ஏமாற்றுகிறது. இதை ஒரு சாதாரண எழுத்துப் பிழையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முடிந்ததும் முடியாததும்

2025 தொடக்கத்தில் செயல் அலுவலரிடம் இரண்டு தனித்தனி மனுக்கள் கொடுத்தோம். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒன்று தீர்ந்ததும் மற்றது கோப்புக்குள் போய்விடும் என்பதால் தனித்தனியாகக் கொடுத்தோம். தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழவில்லை.

பரப்பு மனு சீக்கிரமே நகர்ந்தது. நேரில் வந்து மறுபடி அளந்தார்கள். வந்த ஊழியர் பொறுமையானவர். அம்மாவைக் கூடவே நிறுத்திவைத்து ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினார். 1,140 சதுர அடி என்று திருத்தம் ஆயிற்று. கூடுதலாகக் கட்டிய 1,878 ரூபாயைப் பணமாகத் திருப்பித் தரவில்லை. வரும் அரையாண்டுகளின் வரியில் கழித்துக்கொள்வதாக எழுத்தில் கொடுத்தார்கள். ஒரு அரையாண்டு வரி 986 என்றால், முதல் அரையாண்டுக்கு எதுவும் கட்ட வேண்டாம், அடுத்ததில் 94 ரூபாய் மட்டும். நியாயமான முடிவுதான்.

ஓட்டு வீட்டின் வரிவிதிப்பு எண் 2025-26 முதல் அரையாண்டிலிருந்து ரத்தானது. பழைய நிலுவையைத் தள்ளுபடி செய்ய அலுவலருக்கு அதிகாரம் இல்லை, மன்றத் தீர்மானம் வேண்டும் என்றார்கள். வங்கி காத்திருக்கவில்லை. எனவே 3,344 ரூபாயையும் வட்டியையும் மகன் இணையம் வழியாகக் கட்டினார். கட்டிய அன்றே, 2022-க்குப் பிந்தைய 1,364 ரூபாயை ஆட்சேபத்தோடு கட்டுகிறோம், திருப்பிக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு கடிதமும் கொடுத்தோம். பணத்தைக் கட்டினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தமாகிவிடும் என்று பயந்து கடனையே விட்டுவிட அம்மா தயாராக இருந்தார். அது தேவையில்லை, ஆட்சேபக் கடிதம் போதும்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில. பில்லில் பரப்பு, தளம், வகை, பயன்பாடு ஆகிய நான்கையும் வீட்டோடு ஒப்பிடுங்கள். தாத்தா பேரில் வரி ஓடிக்கொண்டிருந்தால் பத்திர நகலோ வாரிசுச் சான்றிதழோ வைத்துப் பெயர் மாற்றத்தை இப்போதே முடித்துவிடுங்கள். பாகப்பிரிவினை நேரத்தில் அது பெரிய தடையாக நிற்கும். ஒரே விளையில் பழைய வீடும் புதிய வீடும் இருந்து பழையது போயிருந்தால், அதன் எண் இன்னும் இருக்கிறதா என்று இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இடித்தால் அன்றே புகைப்படத்தோடு எழுத்தில் கொடுங்கள். சீராய்வு அறிவிப்பு வந்தால், அதில் குறித்த நாளுக்குள் ஆட்சேபத்தைக் கொடுத்துவிட வேண்டும். நாள் தாண்டினால் பேச்சு பலவீனமாகிவிடும். அலுவலரின் பதில் திருப்தி தரவில்லை என்றால் மன்றத்தில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அதன் உறுப்பினர்கள் யார் என்று கேளுங்கள்; பலருக்கு அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது.

பேரூராட்சிகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதைச் சொல்வேன்: மூன்று ஆண்டுக்கு மேல் ஒரு ரூபாய்கூட வராத வரிவிதிப்பு எண்களைத் தனியே பிரித்தெடுத்து, மார்ச் நெருக்கடி இல்லாத ஜூலை, ஆகஸ்டில் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வீடு இருக்கிறதா, யார் இருக்கிறார்கள், அதே வீட்டுக்கு வேறு எண் ஓடுகிறதா என்ற மூன்று கேள்வி போதும். சில நூறு எண்களுக்கு மேல் வராது. ஒரு ஊழியர் வார்டு வார்டாகப் போனால் ஒரு பருவத்தில் முடித்துவிடலாம்.

மகன் மாடி எடுக்கத் தொடங்கிவிட்டார்; ஷீட்டைப் பிரித்தாயிற்று. வேலை முடிந்ததும் புதிய தளத்தின் பரப்பை அவரே எழுத்தில் அறிவிக்க வேண்டும், அப்போது வரி உண்மையாகவே உயரும், அதற்குக் குடும்பம் தயாராக இருக்கிறது. 1,364 ரூபாய் குறித்த மனு இன்னும் மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஏறவில்லை. அளவீட்டுத் தாளின் நகல், மின்வாரியக் கடிதம், செயற்கைக்கோள் படங்கள், கட்டிய ரசீது எல்லாவற்றையும் இணைத்து நினைவூட்டல் கடிதம் ஒன்றை வார்டு கவுன்சிலர் வழியாகத் தலைவரிடம் கொடுத்திருக்கிறோம்.